வகுப்பறையை இழந்த ஆசிரியர்

பொருளாதாரம் படித்தவனுக்கு மெய்யியலாளரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி ஆசிரியராக இருந்தேன். ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர், லாரி ஓட்டுநர், கோழிப்பண்ணையில் வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகளே என் மாணவர்களில் பெரும்பாலோர். அவர்களுக்குப் பொருளாதாரச் சிந்தனை வரலாறு நடத்துகையில் மாக்ஸ் வேபரைத் தொட்டாக வேண்டும். வேபரைத் தேடிப் படித்தபோதுதான், அவரைத் தம் வாழ்நாள் முழுதும் முன்மாதிரியாகக் கொண்ட கார்ல் யாஸ்பர்ஸ் எனக்கு அறிமுகமானார்.

இருத்தலியல் என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவர்கள் சார்த்தரும் காம்யுவும். அவர்கள் நாவலும் நாடகமும் எழுதிப் புகழ்பெற்றவர்கள். யாஸ்பர்ஸோ அந்தச் சிந்தனையைப் பல்கலைக்கழக வகுப்பறையில் வளர்த்தவர். அவர் வாழ்க்கையும் அந்த வகுப்பறையைச் சுற்றியே அமைந்தது.

1883-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் அவர் பிறந்தார். முதலில் சட்டம் பயின்று, பின்னர் மருத்துவத்துக்கு மாறினார். மூச்சுக்குழாய்கள் நிலையாக விரிந்துபோகும் நோய் அவருக்கு இருப்பது பதினெட்டாம் வயதில் தெரியவந்தது. அக்கால மருத்துவத்தின்படி நீண்ட ஆயுளை அவர் எதிர்பார்க்க வழியில்லை. அவரோ தம் வலிமையின் அளவறிந்து வேலைகளை வகுத்துக்கொண்டு 86 வயது வரை வாழ்ந்தார். ஹைடல்பர்க் மனநல மருத்துவமனையில் ஊதியமின்றிப் பணியாற்றியபடியே எழுதிய 'பொது உளநோயியல்' என்ற பெருநூல் 1913-இல் வெளிவந்தது. நோயாளி தன் நோயை எவ்வாறு அனுபவிக்கிறான் என்பதை மருத்துவர் கேட்டறிய வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

மெய்யியலில் முறையான பட்டம் ஏதுமில்லாத அந்த மருத்துவர், 1922-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியரானார். துறைக்குள்ளேயே அவரை ஏற்காதவர்கள் இருந்தார்கள். பத்தாண்டுகள் உழைத்து 1932-இல் 'மெய்யியல்' என்னும் நூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். மரணம், துன்பம், போராட்டம், குற்றவுணர்வு ஆகியவற்றை அவர் எல்லைச் சூழல்கள் என்றார். இவற்றை அறிவுத் திறனால் தீர்த்துவிட முடியாது. அவற்றைத் தப்பிக்காமல் எதிர்கொள்ளும்போதுதான் மனிதன் தன் இருப்பை உணர்கிறான் என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கைக்கான சோதனை உடனே வந்தது. 1910-இல் அவர் மணந்த கெர்ட்ரூட் யூதப் பெண்மணி. 1933-இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் பல்கலைக்கழக நிர்வாகத்திலிருந்து யாஸ்பர்ஸ் விலக்கப்பட்டார். 1937-இல் ஆசிரியப் பணி பறிக்கப்பட்டது. 1938-க்குப் பின் நூல் வெளியிடவும் வழியில்லாமல் போயிற்று. மனைவியைப் பிரிந்தால் தொல்லை குறையும் என்ற நிலையிலும் அவர் பிரியவில்லை. இருவரும் நஞ்சைக் கைவசம் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். 1945 ஏப்ரல் 14 அவர்களை நாடுகடத்தும் நாளாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு முன் அமெரிக்கப் படை ஹைடல்பர்க்கை அடைந்ததால் உயிர் தப்பினார்கள்.

ஒருகாலத்தில் அவருடைய நெருங்கிய நண்பராயிருந்த ஹைடெக்கர் சென்ற வழி வேறு. 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்து, ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் அவர் பொறுப்பேற்றார். போருக்குப் பின் அவரைப் பற்றி விசாரித்த குழு யாஸ்பர்ஸின் கருத்தைக் கேட்டது. ஹைடெக்கரின் மேதைமையை யாஸ்பர்ஸ் மறுக்கவில்லை. ஆய்வைத் தொடர ஓய்வூதியம் வழங்கவும் பரிந்துரைத்தார். ஆனால், சில ஆண்டுகளுக்கேனும் அவர் மாணவர்முன் நிற்கக் கூடாது என்றார். எழுதுவதற்கு மேதைமை போதும், கற்பிக்க அது மட்டும் போதாது என்பதே இதன் பொருள் என நான் கருதுகிறேன்.

வேறொருவராக இருந்திருந்தால், பாதிக்கப்பட்டவன் என்ற பெருமையோடு ஒதுங்கியிருப்பார். யாஸ்பர்ஸ் 1945-46 குளிர்காலப் பருவத்தில் வகுப்பறைக்குத் திரும்பி, ஜெர்மானியரின் குற்றப் பொறுப்பைப் பற்றி விரிவுரையாற்றினார். அது 1946-இல் நூலாயிற்று. குற்றத்தை அவர் நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறிய குற்றத்தை நீதிமன்றம் விசாரிக்கும். அரசின் செயலுக்குக் குடிமக்கள் கூட்டாக ஏற்கவேண்டிய அரசியல் பொறுப்பை வென்றவர்கள் வரையறுப்பார்கள். ஒவ்வொருவரின் அறப்பிழைக்கு அவரவர் மனச்சான்றே நீதிபதி. நான்காவது, சக மனிதன் அழிக்கப்படுகையில் நாம் உயிரோடிருப்பதனாலேயே எழும் குற்றம். அதைக் கடவுளிடம்தான் வைக்க முடியும். யூத நண்பர்கள் கொண்டுசெல்லப்பட்டபோது தெருவில் இறங்காத தம்மையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பக்கங்களைப் படித்தபோது எனக்கு என் பழைய ஆசிரியர் அறை நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் ஊதிய நிலுவையைக் கேட்ட இளம் ஆசிரியர் ஒருவர் ஒரே நாளில் வெளியேற்றப்பட்டார். அவர் தம் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போனதை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த மணிக்கு அவருடைய வகுப்பை எனக்கு ஒதுக்கினார்கள். நான் போய் நடத்தினேன். நாஜிக் கொடுமையோடு இதை ஒப்பிடுவது மடமை என்பதை அறிவேன். எனினும் அந்த நான்கில் மூன்றாவது, எந்த நீதிமன்றமும் கேட்காதது, எனக்கும் உரியது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் அன்று காரணங்களாகத் தெரிந்தன. அவை உண்மையான காரணங்களே. ஆனால், காரணம் இருப்பதனால் பிழை இல்லையென்று ஆகிவிடாது.

யாஸ்பர்ஸின் விரிவுரைகளைப் பலர் விரும்பவில்லை. 1948-இல் அவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1961 வரை கற்பித்தார். புத்தரையும் நாகார்ஜுனரையும் சாக்ரடீஸ், காண்ட் ஆகியோரோடு உலகின் பெரும் மெய்யியலாளர் வரிசையில் வைத்து எழுதினார். அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ஹானா அரெண்ட் இறுதிவரை நண்பராக இருந்தார். 1969 பிப்ரவரி 26 அன்று, மனைவியின் தொண்ணூறாம் பிறந்தநாளில், யாஸ்பர்ஸ் காலமானார்.

இன்று நம் சமவெளியெங்கும் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பல்லாயிரவர் உருவாகியிருக்கிறார்கள். அது சிறிய சாதனையன்று. ஆனால், மாணவர்கள் நம் பாடத்தை மட்டும் கவனிப்பதில்லை, பேசவேண்டிய நாளில் நாம் என்ன செய்தோம் என்பதையும் கவனிக்கிறார்கள். அந்த இளம் ஆசிரியரின் வகுப்புக்குள் நான் நுழைந்தபோது ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் விடை இருந்திருக்காது.