சாடியில் தொடங்கிய தேடல்: லூயி பாஸ்டர் வாழ்வும் பணியும்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் பனையேறுவோர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியே மரத்தில் கட்டுவர். சுண்ணாம்பு பட்ட கலயத்தில் இறங்குவது பதநீர். சுண்ணாம்பு படாத கலயத்தில் அதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகப் பொங்கும்; மேலும் வைத்தால் புளித்துக் காடியாகும். நம் தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியில் அரிசிக் கூழை ஆற்றி, முளை கூட்டி, இரு பகலும் இரு இரவும் சாடியில் வைத்து மது வடித்த முறையைக் கூறுகின்றது. ஆக்கும் வகையையும் காக்கும் வகையையும் அனுபவத்தால் அறிந்திருந்த முன்னோர்க்கு ஒரு வினா மட்டும் விடையின்றியே நின்றது. அதே கை, அதே பக்குவம், அதே சாடி. நேற்று நன்றாக விளைந்தது இன்று கெட்டது ஏன்?

அவ்வினாவிற்கு விடை கண்டவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் இலக்கிய வட்டத்தின் மலரில் மதுவைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கெட்டுப்போன மதுவை ஆராய்ந்த கண்களே பின்னர் மனிதரின் நோயையும் கண்டன என்பதே அதற்கு மறுமொழி.

1822 டிசம்பர் 27ஆம் நாள் கிழக்குப் பிரான்சிலுள்ள டோல் என்னும் ஊரில் பாஸ்டர் பிறந்தார். தந்தையார் நெப்போலியன் படையில் பணியாற்றித் திரும்பித் தோல் பதனிடும் தொழில் செய்தவர். ஆர்புவா என்னும் சிற்றூரில் வளர்ந்த மகன் இளமையில் நல்ல ஓவியர். பாரிசில் வேதியியல் பயின்று 1847இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் பணியேற்று, 1849இல் மரி லோரான் என்னும் அம்மையாரை மணந்தார். கணவரின் ஆய்வுக் குறிப்புகளைச் சொல்லச் சொல்ல எழுதி வந்த அவ்வம்மையார், இல்லத் துணையாக மட்டுமன்றி ஆய்வுத் துணையாகவும் விளங்கினார்.

1854இல் பாஸ்டர் லில் நகரின் அறிவியல் புலத் தலைவரானார். இரண்டாண்டுகளுக்குப் பின், பீட்ரூட்டிலிருந்து சாராயம் வடிக்கும் பிகோ என்னும் ஆலை உரிமையாளர் அவரை நாடி வந்தார். தொட்டிகள் சில நன்கு நொதிக்கின்றன. சில காரணமின்றிப் புளித்து வீணாகின்றன என்பது அவருடைய முறையீடு. பேராசிரியர் ஆலைக்கே சென்றார். இரு வகைத் தொட்டிகளிலிருந்தும் சாற்றை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் உயிர்கள் இருந்தன. புளித்த தொட்டியிலோ அவற்றினும் மிகச் சிறிய, குச்சி வடிவான வேற்றுயிர்கள் நிறைந்திருந்தன. முன்னவை சர்க்கரையைச் சாராயமாக்கின. பின்னவை அதைப் புளிப்பு அமிலமாக்கின. நொதித்தல் என்பது உயிரற்ற வேதிச் சிதைவே என்று ஜெர்மானியப் பேரறிஞர் லீபிக் முதலியோர் வலியுறுத்திய காலம் அது. உயிரின் செயலே நொதித்தல் என்று 1857இல் பாஸ்டர் எழுதினார்.

அவ்வாறாயின் அவ்வுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? அன்னத்தின் கழுத்துப் போல் வளைந்த குழாயுடைய கண்ணாடிக் குடுவைகளில் சாற்றைக் கொதிக்கவைத்து அவர் விடை கண்டார். காற்று புகுந்தாலும் தூசி வளைவிலேயே தங்கியமையால் சாறு கெடவில்லை. கழுத்தை முறித்ததும் கெட்டது. கேடு தானே தோன்றுவதன்று, புறத்திலிருந்து வருவது என்பது தெளிவாயிற்று. ஒயினை 50 முதல் 60 பாகை வெப்பத்திற்குச் சூடேற்றிக் காக்கும் முறையும் இதன் விளைவே.

புகழ் வளர்ந்த அவ்வாண்டுகளிலேயே அவர் இல்லம் இருண்டது. ஐந்து மக்களுள் மூவர் மறைந்தனர். அவர்களுள் 1859இல் ழான், 1866இல் செசில் ஆகிய இரு பெண் மக்களையும் டைபாய்டு காய்ச்சல் கொண்டு சென்றது. சாடியின் நோய்க்குக் காரணம் கண்டவரால் மகளின் நோயைத் தடுக்க இயலவில்லை. 1868இல் வந்த வாத நோயால் அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. எனினும் ஆய்வு நிற்கவில்லை.

1870ஆம் ஆண்டுப் போரில் பிரான்சு ஜெர்மனியிடம் தோற்றது. அவர் மணமுடித்த ஸ்ட்ராஸ்பூர்க் பகைவர் கைக்குச் சென்றது. பான் பல்கலைக்கழகம் தந்திருந்த மதிப்புறு பட்டத்தை அவர் திருப்பியனுப்பினார். பீர் வடிப்பில் சிறந்த ஜெர்மானியரை அத்துறையிலேயே வெல்வதென்று உறுதி பூண்டு, 1871இல் ஒரு சிறு வடிப்பாலையில் ஆய்வைத் தொடங்கினார். பீரில் சுவை காணாத ஒருவர் பீரை ஆராய முனைந்தது நாட்டுப்பற்றாலும் சினத்தாலுமே.

அவர் கண்ட உண்மை எளியது. பீரின் ஒவ்வொரு கேட்டிற்கும் வேண்டாத சிற்றுயிர்கள் காரணம். காற்றின் தூசி, கழுவாத கலம், தூய்மையற்ற ஈஸ்ட் ஆகியவை அவை நுழையும் வாயில்கள். கெட்ட சாடியின் அடிமண்டியை அடுத்த வடிப்பிற்கு உறையாக இட்டால் கேடும் உடன் செல்லும். எனவே கொதித்த சாற்றைத் தூசி படாமல் ஆற்றுதல், தூய ஈஸ்ட்டையே சேர்த்தல், புட்டியில் அடைத்தபின் 50 முதல் 55 பாகை வரை சூடேற்றுதல் ஆகியவை அவர் கூறிய காப்புகள். அவ்வாண்டே இலண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்று, அங்குள்ள ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்துக் குறையைச் சுட்டினார். ஒரு வாரத்திற்குள் அவ்வாலையார் ஒரு நுண்ணோக்கியை வாங்கிவிட்டனர். 1876இல் அவ்வாய்வு நூலாயிற்று. பகைமையில் பிறந்த அறிவு எல்லை கடந்து எல்லார்க்கும் பொதுவாயிற்று. 1883இல் டென்மார்க்கின் ஹான்சன், ஈஸ்ட் இனத்திலேயே கேடு செய்வனவும் உண்டு எனக் கண்டு, ஒற்றை உயிரிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்துப் பாஸ்டரின் குறையை நிறைவு செய்தார்.

பாஸ்டர் குறையே இல்லாதவர் அல்லர். 1881இல் ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பு மருந்தைப் பலர் முன்னிலையில் இட்டபோது, அதை ஆக்கியது தம் உதவியாளர் கையாண்ட வேறு முறை என்பதை அவர் வெளியிடவில்லை. பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளே அதை வெளிப்படுத்தின. ஆயினும் 1885 ஜூலை 6ஆம் நாள் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அவர் தொடங்கிய சிகிச்சை, எண்ணற்ற பெற்றோரின் கண்ணீரைத் துடைத்தது. 1888இல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28இல் அவர் மறைந்தார். 1907இல் நம் குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிறுவனம் எழுந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அது சிற்றுயிர் செய்த கேடன்று. மனிதர் கலந்த நஞ்சு. பாஸ்டர் காட்டிய வெப்பம் அந்நஞ்சைப் போக்காது. ஆனால், கலத்தில் இருப்பது இன்னதென்று ஊகியாமல் ஆராய்ந்தறிய வேண்டும் என்னும் அவருடைய நெறி இங்கும் பொருந்தும்.

பாலைச் சூடேற்றிக் காக்கும் வழக்கம் பிறரால் பரவியது. பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்தது. விடியற்காலையில் தொழிற்பேட்டைக்குப் புறப்படும் தந்தையும், பள்ளி செல்லும் மகளும் பருகும் பாலின் உறையில் அப்பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தம் மகளிரைக் காக்க இயலாத தந்தை ஒருவரின் பெயர் அது என்பதை நாம் ஒருமுறையேனும் எண்ணிப் பார்ப்பது நன்று.