ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர்

ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர் (நவம்பர் 20, 1848 – சனவரி 22, 1915) ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வாழ்ந்த கண்டுபிடிப்பாளர் ஆவார். மின்சாரத்தால் இயங்குவதும், வீட்டில் ஒருவரே தள்ளிச் சென்று பயன்படுத்தக்கூடியதுமான தூசி உறிஞ்சியை (வேக்குவம் கிளீனர்) வணிக வெற்றி பெறும் வடிவில் முதன்முதலில் உருவாக்கியவர் இவரே. அறுபது வயதை நெருங்கிய காலத்தில், ஒரு கடையின் துப்புரவுப் பணியாளராக இருந்தபோது, தம்மை வருத்திய ஈழை நோய்க்கு (ஆஸ்துமா) ஒரு வழி தேடியே இக்கருவியைச் செய்தார். கருவி உலகெங்கும் பரவியது ஹூவர் என்னும் நிறுவனத்தின் பெயரால் ஆகும். எனினும் கைப்பிடி, தூரிகை, வார், விசிறி, மோட்டார், துணிப்பை என இவர் வகுத்த அமைப்பே பின்வந்த நிமிர்ந்த வகைத் தூசி உறிஞ்சிகளுக்கு அடிப்படையாக அமைந்தது. அத்தகைய பழைய கருவிகளைப் பிரித்துப் பழுது நீக்குவோர் இன்றும் இவ்வுறுப்புகளையே கையாள்கின்றனர்.

பிறப்பும் குடும்பமும்

ஸ்பேங்லர் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே இவரது குடும்பம் ஒகையோவின் ஸ்டார்க் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. 1874 ஆம் ஆண்டில் எலிஸ்டா அமண்டா ஹோல்ட்ஸ் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள். 1880 அளவில் குடும்பம் அக்ரன் நகருக்கு இடம் மாறியது. விற்பனையாளராகப் பணியாற்றி வந்த ஸ்பேங்லர், எஞ்சிய நேரத்தைப் புதிய கருவிகளை உருவாக்குவதில் செலவிட்டார்.

தொடக்ககாலக் கண்டுபிடிப்புகள்

இவரது முதல் முயற்சிகள் வேளாண்மை சார்ந்தவை. 1887 இல் தானிய அறுவடை இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமம் பெற்றார். 1893 இல் உலர்புல்லை வாரிச் சேர்ப்பதும், அறுத்த புல் விரைவில் காயும்படி கிளறிவிடுவதும் ஆகிய இரு வேலைகளையும் செய்யும் ஒரு கருவிக்குக் காப்புரிமம் பெற்றார். அதை உற்பத்தி செய்யத் தொடங்கிய நிறுவனம் நிலைக்கவில்லை. 1897 இல் காலால் மிதித்து ஓட்டும் வண்டி ஒன்றுக்கும் காப்புரிமம் கிடைத்தது. அதுவும் இவருக்குப் பொருள் ஈட்டித் தரவில்லை.

இவ்வாறு பத்தாண்டு இடைவெளியில் மூன்று காப்புரிமங்கள் பெற்றும், அவற்றைக் கொண்டு இவரால் வாழ்க்கை நடத்த இயலவில்லை. ஆயினும் அம்முயற்சிகள் முற்றிலும் வீணாயின என்று கூற முடியாது. சக்கரத்தின்மேல் உருண்டு செல்லும் சட்டம், தரையில் கிடப்பதைக் கிளறி எடுக்கும் உறுப்பு ஆகிய இரண்டும் புல்வாரிக் கருவிக்கு உரியவை. பின்னாளில் இவர் செய்த தூசி உறிஞ்சியிலும் இவ்விரண்டும் இடம்பெற்றன.

அக்காலத் தூசி நீக்கும் முறைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலை நாட்டு வீடுகளில் தரைவிரிப்புகளை வெளியே எடுத்துச் சென்று, கொடியில் தொங்கவிட்டு, பிரம்பால் அடித்துத் தூசி போக்குவது வழக்கமாக இருந்தது. 1869 இல் சிகாகோவைச் சேர்ந்த ஐவ்சு மெக்கேஃபி கையால் சுற்றி இயக்கும் ஓர் உறிஞ்சிக்குக் காப்புரிமம் பெற்றார். ஒரு கையால் விசிறியைச் சுற்றியவாறே மறு கையால் அதனைத் தள்ள வேண்டியிருந்தது. 1876 இல் மெல்வில் பிஸ்செல் என்பவர் சுழல் தூரிகை கொண்ட தரைவிரிப்புப் பெருக்கி ஒன்றுக்குக் காப்புரிமம் பெற்றார். அது குப்பையைத் திரட்டிப் பெட்டியில் சேர்த்தது. ஆனால் உறிஞ்சும் ஆற்றல் இல்லாததால் நுண்ணிய தூசி காற்றில் எழுந்து பரவியது.

1901 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஹியூபர்ட் செசில் பூத், எக்கியின் உதவியால் தூசியை உறிஞ்சித் துணி வடிகட்டியில் சேர்க்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அது குதிரை இழுக்கும் வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தப்பட்டது. அதன் நீண்ட குழாய்கள் சாளரங்கள் வழியாக வீட்டுக்குள் செலுத்தப்பட்டன. தூசியைக் காற்றோடு உறிஞ்சித் துணியில் வடிகட்டலாம் என்பதை அவ்வியந்திரம் தெளிவாகக் காட்டியது. எனினும் ஒரு குடும்பம் தானே வாங்கி வைத்துக்கொள்ளும் பொருளாக அது இருக்கவில்லை.

துப்புரவுப் பணியும் நோயும்

வாழ்க்கைத் தேவைக்காக ஸ்பேங்லர், கேன்டன் நகரில் சோலிங்கர் என்னும் பல்பொருள் அங்காடியில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். அங்குள்ள தரைவிரிப்புகளைப் பெருக்கிக் கருவியால் தூய்மை செய்வது இவரது பணிகளுள் ஒன்று. அப்போது எழும் தூசி இவரது ஈழை நோயைக் கடுமையாக்கியது. மூச்சிரைப்பும் இருமலும் பணிக்கு இடையூறாயின. வேலையை விட்டால் வருவாய் இல்லை. வேலையைத் தொடர்ந்தால் உடல் நலம் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது. தூசி மூக்கை அடைவதற்கு முன்பே அதனைப் பிடித்துவிடும் வழியை ஸ்பேங்லர் ஆராயத் தொடங்கினார்.

கருவியின் உருவாக்கம்

1907 இல் ஸ்பேங்லர் தம் கைக்குக் கிடைத்த பொருட்களைக் கொண்டே முதல் மாதிரியை அமைத்தார். தையல் இயந்திரத்தின் மின் மோட்டார், விசிறி, தரைவிரிப்புப் பெருக்கியின் உருளைத் தூரிகை, தகரச் சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவை அதன் உறுப்புகளாயின. சோப்புப் பெட்டி உடலாகவும், துடைப்பக் கட்டை கைப்பிடியாகவும், தலையணை உறை தூசிப் பையாகவும் பயன்பட்டன.

இக்கருவி இயங்கும் முறை எளிமையானது. மோட்டார் விசிறியைச் சுழற்றுகிறது. அதே மோட்டாரிலிருந்து ஒரு வார் (பெல்ட்) வழியாகத் தரையை ஒட்டியுள்ள தூரிகையும் சுழல்கிறது. தூரிகை, தரைவிரிப்பின் இழைகளுக்கிடையே படிந்த தூசியைக் கிளறித் தளர்த்துகிறது. விசிறி உண்டாக்கும் காற்றோட்டம் அதனை மேலே இழுத்துப் பின்புறப் பைக்குள் தள்ளுகிறது. காற்று துணியின் நுண்துளைகள் வழியாக வெளியேற, தூசி பைக்குள் தங்கிவிடுகிறது. கிளறுதல், உறிஞ்சுதல், வடிகட்டுதல் ஆகிய மூன்றையும் ஒருவர் தள்ளக்கூடிய ஒரே கருவியில் இணைத்ததே ஸ்பேங்லரின் பங்களிப்பாகும்.

காப்புரிமமும் நிறுவனமும்

1907 செப்டம்பர் 14 அன்று ஸ்பேங்லர் காப்புரிமத்துக்கு விண்ணப்பித்தார். 1908 சூன் 2 அன்று 889,823 என்னும் எண்ணுடைய அமெரிக்கக் காப்புரிமம் இவருக்கு வழங்கப்பட்டது. நண்பர்களின் பொருளுதவியுடன் எலெக்ட்ரிக் சக்சன் ஸ்வீப்பர் கம்பெனி என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, சிறு எண்ணிக்கையில் கருவிகளைச் செய்து விற்கலானார். குடும்பத்தினரும் இப்பணியில் துணை நின்றனர். ஆயினும் பெருமளவில் உற்பத்தி செய்யத் தேவையான முதல் இவரிடம் இல்லை. முந்தைய கண்டுபிடிப்புகளுக்கு நேர்ந்த முடிவே இதற்கும் நேரக்கூடிய நிலை இருந்தது.

ஹூவருடன் கூட்டு

ஸ்பேங்லரின் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுள் ஒருவர், இவருடைய உறவினரான சூசன் டிராக்செல் ஹூவர். அவருடைய கணவர் வில்லியம் ஹென்றி ஹூவர், கேன்டனுக்கு அருகிலுள்ள நியூ பெர்லின் என்னும் ஊரில் குதிரைச் சேணம் முதலிய தோல்பொருட்களைச் செய்யும் தொழிலை நடத்தி வந்தார். தானுந்துகள் பெருகத் தொடங்கிய காலம் அது. சேணத் தொழிலுக்கு நீண்ட எதிர்காலம் இல்லை என்பதை உணர்ந்திருந்த ஹூவர், வேறு தொழிலை நாடியிருந்தார். மனைவி வாயிலாகக் கருவியின் பயனை அறிந்த அவர், 1908 இல் ஸ்பேங்லரின் காப்புரிமத்தை வாங்கினார். ஸ்பேங்லர் நிறுவனத்தில் தொடர்ந்து பணியாற்றினார். விற்பனைக்கேற்ற உரிமத் தொகையும் இவருக்குக் கிடைத்தது.

தோல்பொருள் தொழிற்கூடத்தின் ஒரு மூலையில் உற்பத்தி தொடங்கியது. முதலில் விற்பனைக்கு வந்த வடிவம் மாடல் ஓ எனப்பட்டது. அதன் எடை சுமார் 18 கிலோகிராம். விலை 60 டாலர். 1908 திசம்பரில் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. கருவியைப் பத்து நாட்கள் கட்டணமின்றி வீட்டில் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று அதில் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களுக்குக் கருவியை நேரே அனுப்பாமல், அவரவர் ஊரிலுள்ள வணிகர் வழியாக வழங்கினர். அவ்வணிகர்களே பின்னர் நிறுவனத்தின் முகவர்களாயினர்.

1910 இல் நிறுவனத்தின் பெயர் ஹூவர் சக்சன் ஸ்வீப்பர் கம்பெனி என்றும், 1922 இல் ஹூவர் கம்பெனி என்றும் மாற்றப்பட்டது. முதல் உலகப் போரின்போது எழுந்த செருமானிய எதிர்ப்புணர்வால் நியூ பெர்லின் ஊரும் 1918 இல் வட கேன்டன் எனப் பெயர் மாறியது.

உறுப்புகளின் தேய்மானமும் பராமரிப்பும்

தனித்தனியாகக் கிடைத்த பொருட்களை இணைத்துச் செய்யப்பட்ட கருவி என்பதால், ஸ்பேங்லரின் அமைப்பில் ஒவ்வோர் உறுப்பின் வேலையும் தெளிவாகப் பிரிந்திருந்தது. இவ்வமைப்பைப் பின்பற்றிய பழைய நிமிர்ந்த வகைக் கருவிகளில் பழுதின் இடத்தைக் கண்டறிவதும், பழுதான உறுப்பை மட்டும் மாற்றுவதும் எளிது. அவற்றில் பொதுவாகக் காணப்படும் பழுதுகள் பின்வருமாறு:

வார்: நாளடைவில் இழுபட்டுத் தளரும். மோட்டார் ஓடும் ஓசை கேட்கும். ஆனால் தூரிகை சுழலாது அல்லது மெதுவாகச் சுழலும். மோட்டார் பழுதடைந்துவிட்டதாகக் கருதப்படும் பல கருவிகளுக்குப் புதிய வார் ஒன்றே போதுமானதாக இருக்கும்.

தூரிகை: முடியும் நூலும் சுற்றிக்கொண்டு, அதன் இரு முனைகளிலும் உள்ள சுழலிடங்களில் சேரும். இதனால் உராய்வு மிகுந்து வார் சூடேறி அறுந்துபோகும். சுற்றிய நூலை அவ்வப்போது வெட்டி எடுப்பது தேவை. தேய்ந்து குட்டையான தூரிகை இழைகள் தரைவிரிப்பைத் தொடமாட்டா.

துணிப்பை: இது வடிகட்டியும் ஆகும். குப்பையைக் கொட்டிய பின்னரும் நுண்தூசி துணியின் துளைகளை அடைத்திருந்தால் காற்று வெளியேறாது. உறிஞ்சும் ஆற்றல் குறையும். பையைக் கவிழ்ப்பதோடு நில்லாமல் திறந்த வெளியில் நன்கு உதற வேண்டும். ஈரத் தூசி துணியில் படிந்து இறுகிவிடும்.

விசிறி: இவ்வகைக் கருவிகளில் குப்பை, விசிறியின் ஊடாகவே பைக்குச் செல்கிறது. நாணயம், கல், ஆணி போன்றவை புகுந்தால் விசிறியின் இதழ் உடையும். இதழ் உடைந்த விசிறி சமநிலை இழந்து அதிரும்; அவ்வதிர்வு பேரிங்குகளையும் கெடுக்கும்.

மோட்டார்: இதிலுள்ள கார்பன் பிரஷ்கள் தேய்வதற்கென்றே அமைந்தவை. அவை மிகவும் குட்டையானால் தீப்பொறி மிகும்; மோட்டார் விட்டுவிட்டு ஓடும். அவற்றைப் புதியனவாக மாற்றலாம்.

மின்கம்பி: பழைய கம்பிகளின் ரப்பர் உறை இறுகி வெடிக்கும் இயல்புடையது. உலோக உடல் கொண்டு, நிலத்தொடுப்பு இல்லாத கருவிகளில் இது உயிருக்கே ஊறு விளைவிக்கும். எனவே கருவியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிப்பதும், வெடித்த கம்பியை ஒட்டுப்போடாமல் முழுவதும் மாற்றுவதும் இன்றியமையாதவை.

இறுதிக்காலம்

தூசி உறிஞ்சியின் விற்பனை பெருகியதால் ஸ்பேங்லரின் பொருளாதார நிலை சீரடைந்தது. 1915 சனவரியில் குடும்பத்துடன் புளோரிடாவுக்குச் செல்லத் திட்டமிட்டார். அதுவே இவரது வாழ்வின் முதல் விடுமுறைப் பயணமாக இருந்திருக்கும். புறப்படுவதற்கு முந்தைய இரவு, சனவரி 22 அன்று, தமது 66 ஆம் வயதில் காலமானார். 1925 இல் காப்புரிமம் முடிவடையும் வரை உரிமத் தொகை இவருடைய குடும்பத்துக்குத் தொடர்ந்து வழங்கப்பட்டது.

தாக்கம்

ஸ்பேங்லரின் அமைப்பு பல வகையில் திருத்தம் பெற்றது. 1926 இல் வெளியான ஹூவர் கருவியில் தூரிகையுடன், தரைவிரிப்பை அதிரச் செய்யும் உலோகச் சட்டங்களும் இணைக்கப்பட்டன. துணிப்பையை உதறும்போது தூசி மீண்டும் எழுவது இவ்வமைப்பின் குறையாக நீடித்தது. ஈழை நோயாளிகளுக்கு இது பெரும் இடையூறு. பயன்படுத்தியபின் எறிந்துவிடும் காகிதப் பைகள் இக்குறையை ஓரளவு தீர்த்தன. பையின் துளைகள் அடைபட்டு உறிஞ்சும் ஆற்றல் குறைவதை 1978 இல் தம் வீட்டுக் கருவியில் கவனித்த ஆங்கிலேயர் ஜேம்ஸ் டைசன், 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தபின் பையில்லாத வகையை உருவாக்கினார்.

பிரித்தானியாவில் ஹூவர் என்னும் பெயர், தூசி உறிஞ்சியையும் அதனால் தூய்மை செய்யும் செயலையும் குறிக்கும் பொதுச் சொல்லாகவே ஆகிவிட்டது. வட கேன்டனில் ஹூவர் குடும்பத்தின் பழைய பண்ணை வீடு அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. அவ்வூரில் ஏறத்தாழ நூறாண்டுகள் நடைபெற்ற தூசி உறிஞ்சி உற்பத்தி 2007 இல் முடிவுற்றது. அதற்கு முந்தைய ஆண்டான 2006 இல், அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மண்டபத்தில் ஸ்பேங்லரின் பெயர் சேர்க்கப்பட்டது.