விபுலாநந்த அடிகளும் வாலிபர் சங்கங்களும்

திருகோணமலை நகரினின்றும் வடக்கே நிலாவெளியைக் கடந்து குச்சவெளிக்குச் செல்லும் வழியில், களப்பு கடலோடு கூடுமிடத்தே உள்ளது இறக்கக்கண்டி. அத்தகைய கரையோரச் சிற்றூர்களில் வாலிபர் சங்கம் நிறுவ விழையும் ஆசிரியர்கள் முதற்கண் ஒரு பெயரையும், ஒரு தலைவரையும், ஓர் இரப்பர் முத்திரையையுமே தேடுகின்றனர். ஆண்டு விழாவன்றிப் பிறிதொன்றும் நிகழாத சங்கங்களை யாம் பல கண்டுள்ளோம். ஆதலின், இம்மாவட்டத்திலே உழைத்தவராகிய விபுலாநந்த அடிகளின் வாழ்க்கையை இந்நோக்குடன் ஒருமுறை ஆராய்தல் நன்றாம்.

அடிகள் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆந் திகதி காரைதீவிலே சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினார். பிள்ளைத்திருநாமம் மயில்வாகனன். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்புச் சென் மைக்கல் கல்லூரியிலும் பயின்று, ஆசிரியராகி, 1916இல் விஞ்ஞானத்திற் சான்றிதழும் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் எய்தி, 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். முப்பதாண்டு நிரம்புமுன்னே இவையனைத்தையும் அடைந்த ஒருவர், 1922இல் அப்பதவியைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தமை அக்காலத்தார் பலருக்கு விளங்காத செய்கையாகவே இருந்திருக்கும்.

அத்துறவுக்கு வித்திட்டவற்றுள் சங்கங்களின் பங்கு சிறிதன்று. இலண்டன் மாநகரிற் புடைவைக்கடை ஊழியர் சிலர் 1844இற் கூடித் தொடங்கிய கிறிஸ்தவ வாலிபர் சங்கம் உலகெங்கும் பரவியதும், அதனைக் கண்டு கொழும்பிற் பௌத்தர் 1898இலே தமக்கொரு வாலிபர் சங்கம் அமைத்தனர். விவேகாநந்த சுவாமிகள் 1897இற் கொழும்பில் வந்திறங்கிய நிகழ்ச்சி அந்நகர்ச் சைவ வாலிபரை எழுப்பிற்று. 1902இல் விவேகாநந்த சபை தோன்றிற்று. இந்த எழுச்சியின் காற்றைச் சுவாசித்தே மயில்வாகனனார் வளர்ந்தார்.

1924இற் சந்நியாசம் பெற்று, மறுவருடம் ஈழத்துக்குத் திரும்பிய அடிகளின் காலத்திலே, யாழ்ப்பாணத்தில் ஒரு புதுமை நிகழ்ந்துகொண்டிருந்தது. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் தொடக்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. தொடக்கியோரிற் சிலர் கிறிஸ்தவக் கல்லூரியைச் சார்ந்தோர். ஆயினும் சைவரும் கிறிஸ்தவரும் அங்கே ஒருங்கிருந்தனர். சாதி வேற்றுமையைக் கண்டித்துத் தீர்மானம் செய்தனர். 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தனர். அதன் ஆண்டு மாநாடொன்றுக்கு விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார். காவியுடுத்த துறவி மாற்றுச்சமயத்தவர் கூடிய அவையிலே தலைமை தாங்குதல் தகுமோ என வினவுவார் இன்றும் உளர். சிறுவயதிலே பிறசமயத்தார் பள்ளியிற் பயின்றவருக்கு அவ்வினா எழுந்திராதென்பதே எம் கருத்து.

ஆனால் வாலிபர் காங்கிரஸின் முடிவையும் மறைத்தல் முறையன்று. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அது விடுத்த அழைப்பால் வடக்கின் நான்கு தொகுதிகள் உறுப்பினரின்றிக் கிடந்தன. 1934இலேயே அவற்றுக்குத் தேர்தல் நடந்தது. அஃது இளைஞரின் துணிவைக் காட்டியது மெய். அதன்பின் அவ்வியக்கம் மெலிந்ததும் மெய். மேடையும் தீர்மானமும் கொண்டு எழுந்த சங்கத்துக்கு ஊர்தோறும் அன்றாட வேலை இல்லாதிருந்தமையே அதற்கொரு காரணம் என்று யாம் எண்ணுகின்றோம்.

அன்றாட வேலையை அடிகள் வேறிடத்திற் செய்தார். 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியிற் சிலகாலம் அதிபராயிருந்தார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவாநந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்தார். ஆதரவற்ற சிறார்க்கு அங்கே இல்லமும் அமைந்தது. பலவூர்ப் பிள்ளைகள் ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்குமிடத்திலே, அரிசி எவ்வளவு, விளக்கெண்ணெய் எவ்வளவு, நோயுற்றவனைக் காப்பவன் யார் என்பன நாடோறும் எழும் வினாக்கள். அவற்றுக்கு விடைகாணப் பழகிய பையன் ஆண்டு விழாவில் உரை நிகழ்த்தியவனினும் பெரியதொன்றைக் கற்றவனாவான். சிற்றூர்ச் சங்கத்துக்கும் கணக்குப் புத்தகமே முதற்பாடம். அதனை ஆசிரியர் தம் பெட்டியிற் பூட்டிவையாது பையன்களிடமே விடுதல் வேண்டும். பிழைபடுவர், படட்டும்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் முதற் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தபோது அடிகள் சென்றார். அங்கும் பட்டதாரிகளோடு அமையாது, அண்மையிலுள்ள திருவேட்களத்திலே ஒடுக்கப்பட்டோர் வாழ்ந்த சேரியிற் பிள்ளைகட்கு மாலைவேளையிற் கல்வி புகட்டினார். 1933இற் பதவியை விட்டுப் போந்தார். பின்னர் இமயமலைச் சாரலில் மாயாவதியிலிருந்து பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கிலத் திங்களிதழை நடத்தினார். 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயினார். ஓரிடத்தைத் தொடங்குதலும், அது தன் காலில் நின்றதும் அகலுதலும் அவர்க்கு இயல்பாயின. தம் சங்கத்தின் தலைமையைப் பதினைந்தாண்டு விடாது பிடித்திருப்போர் இவ்விடத்தைச் சற்று நின்று படிப்பாராக. அவர் இல்லாத ஆண்டுகளிலும் சிவாநந்த வித்தியாலயம் நடந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குச் சென்ற பின்னும் நடக்கின்றது.

யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடுத்த மாதம் 19ஆந் திகதி அடிகள் கொழும்பிலே உடல் நீத்தார். திருமேனியைக் கல்லடிக்குக் கொண்டுவந்து, அவர் தோற்றுவித்த வித்தியாலய வளவிலே ஒரு மரத்தின் நிழலிற் சமாதி வைத்தனர்.