ஆய்வுப் பொருள் தேடிய அசுதோஷ் முகர்ஜி

நல்லாசிரியர் இருந்தும் ஆய்வுக்குப் பொருளின்றி வாடிய பல்கலைக்கழகங்களை நாம் அறிவோம். கல்கத்தாவில் அந்நிலையை மாற்றியவர் சர் அசுதோஷ் முகர்ஜி (1864–1924). இளமையில் கணித ஆய்வுக் கட்டுரைகள் படைத்த அவரை வாழ்க்கை உயர்நீதிமன்ற நீதிபதியாக்கிற்று. 1906-இல் துணைவேந்தரான பின் அவர் கொடையாளர்களை நாடினார். வழக்கறிஞர் தாரகநாத் பாலித் 1912-இல் தம் பெருஞ்செல்வத்தை ஈந்தார். மறு ஆண்டே ராஷ்பிகாரி கோஷ் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினார். 1914-இல் அறிவியல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது.

நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன் அப்போது நிதித்துறை அலுவலர். ஓய்வு நேரத்திலேயே ஆய்வு செய்துவந்தார். அவரைப் பாலித் பேராசிரியராக்க முகர்ஜி விழைந்தார். வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்னும் விதி குறுக்கே நின்றது. இராமனோ பயணத்திற்கு இசையவில்லை. விதிதான் தளர்ந்தது! 1917-இல், குறைந்த ஊதியத்தை ஏற்று, அவர் பணியில் அமர்ந்தார்.

1922-இல் பல்கலைக்கழகம் பொருள்முட்டால் தவித்தபோது, வங்காள அரசு இரண்டரை இலட்சம் ரூபாய் தர முன்வந்தது. கட்டுப்பாடுகளும் உடன் வந்தன. மீண்டும் துணைவேந்தராயிருந்த முகர்ஜி அதனை மறுத்தார். ஊதியம் நிலுவையில் நிற்க, அம்மறுப்பின் சுமையை ஆசிரியர்களும் தாங்கினர் என்பதை நாம் சொல்லாதிருத்தல் ஆகாது. 1924 மே 25-இல் பாட்னாவில் அவர் காலமானார். பாலித் பேராசிரியராயிருந்தபோதே இராமன் 1928-இல் தம் பெயர் தாங்கிய ஒளி விளைவைக் கண்டறிந்தார்.