புட்டி சொன்ன சேதி

மதம் ஒன்றானால்தான் மனம் ஒன்றும் என்பார் உளர். அவர்களுக்கு நாம் ஓர் ஆலைத் தொழிலாளியின் வாழ்வைக் காட்டுவோம்.

1848-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர் மேரி ஸ்லெஸ்ஸர். தந்தை செருப்புத் தைப்பவர். அவர் கூலி குடியிலே கரைந்தது. பதினோரு வயதில் மகள் டண்டி நகரத்து ஆலைக்குப் போனார். அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி. பிறகு முழுநாளும் தறி.

1876-இல் கிறிஸ்தவ ஊழியராகக் கப்பலேறினார், இன்றைய நைஜீரியாவிலுள்ள கலபாருக்கு. 1888-இல் தன்னந்தனியாய் ஒகோயோங் சிற்றூர்களில் குடியேறினார். இரட்டைக் குழந்தை பிறந்தால் கேடு என்று அங்கே கொன்றனர், பெற்றவளை விரட்டினர். மூடநம்பிக்கையின் கொடுமை! மேரி அந்தச் சிசுக்களை எடுத்து வளர்த்தார்.

துணை நின்றவர் எகெங்கே ஊர்த்தலைவரின் உடன்பிறந்தவர், எமே. ஊரில் தீங்கு நடக்கப்போகிறது என்றால், மருந்து கேட்பதுபோல் புட்டி ஒன்றைக் கொடுத்தனுப்புவார். புட்டி வந்ததும் மேரி புறப்படுவார்.

வெள்ளை ஆட்சி பின்னர் மேரிக்கு நீதி வழங்கும் பதவியும் தந்தது. அந்த ஆட்சியை நாம் போற்றவில்லை. இந்த நட்பைப் போற்றுகிறோம்.

காலம் மேரியை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோயிற்று. முதுமையில், நடை தளர்ந்த பின்னும், பழைய தோழர்களைக் காண ஒகோயோங் சென்றார். எமேயின் கண்கள் கலங்கின. எமே கடைசிவரை மதம் மாறவில்லை, நட்பும் மாறவில்லை.

1915-இல் மேரி அந்த மண்ணிலேயே கண்மூடினார். ஆலயமன்று, அநீதியை எதிர்த்து உடன்நின்ற நெஞ்சமே அவ்விருவரையும் பிணைத்தது. தோழமை என்பது அதுதான்!