என்ரிக்கோ பெர்மி

நாம் ஈண்டு நினைவுகூரும் பெர்மி, ரோமாபுரியில் 1901-ம் ஆண்டு பிறந்தவர். நியூட்ரான் ஆராய்ச்சிக்காக 1938-ல் நோபெல் பரிசு பெற்றார். மனைவியார் யூத மரபினராதலின், பாஸிஸ்டு ஆட்சியை நீங்கி அமெரிக்கா சேர்ந்தார்.

1942-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, சிக்காகோ சர்வகலாசாலை விளையாட்டரங்கின் கீழ் அவர் இயக்கிய முதல் அணு உலைக்குக் காப்புச் சுவர் யாதும் இல்லை. காட்மியக் கோல்களும், நியூட்ரான்களை எண்ணும் கருவிகளுமே காவல். அரை வாட்டு அளவிலேயே உலை நிறுத்தப்பட்டது. பத்து நாட்கள் கழித்து 200 வாட்டுக்கு உயர்த்தியபோது கதிர்வீச்சு மிகுந்தமையின், அதற்குமேற் செல்ல ஒருவரும் துணிந்திலர்.

1943-ல் அவ்வுலை நகர்க்குப் புறம்பே, ஐந்தடிக் காங்கிரீட்டுச் சுவரினுள் மீண்டும் எழுந்தது. பெர்மி 1954-ல் புற்றுநோயால் மறைந்தார். அளந்தறிந்த பின்னரே அடிவைக்கும் அவர்தம் முறை நமக்கும் உரியதாகுக.