எக்ஸ்ரே தந்த டிப்ளமோக்காரர்

டிப்ளமோதானா என்று உதட்டைப் பிதுக்கும் சொந்தக்காரர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒருத்தராவது இருப்பார். அடுத்த முறை அவர் கேட்டால் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜன் பெயரைச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் படிக்கும் எனக்கு இவர்மேல் தனிப் பாசம். அவரும் மெக்கானிக்கல்தானே!

1845 மார்ச் 27-ல் ஜெர்மனியின் லென்னெப் ஊரில் பிறந்தார். துணி வியாபாரியின் ஒரே பிள்ளை. வளர்ந்தது ஹாலந்தில். உட்ரெக்ட் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தபோது யாரோ ஒரு மாணவன் ஆசிரியரைக் கேலிப்படம் வரைந்துவிட்டான். அவனைக் காட்டிக்கொடுக்க ராண்ட்ஜன் மறுத்தார். பள்ளியை விட்டே நீக்கிவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ் இல்லாத அவரை 1865-ல் சேர்த்துக்கொண்டது ஜூரிச் பாலிடெக்னிக். 1868-ல் மெக்கானிக்கல் டிப்ளமோ, அடுத்த வருஷமே டாக்டர் பட்டம்!

1895 நவம்பர் 8, வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம். கறுப்பு அட்டையால் மூடிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது, தள்ளியிருந்த ஒரு திரை மினுமினுத்தது. ஏன் என்று தெரியும்வரை வாரக்கணக்கில் லேபே கதியென்று கிடந்தார். டிசம்பர் 22-ல் மனைவி பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்பும் மோதிரமும் பளிச்சென்று தெரிந்தன. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். அந்தப் பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். பேடண்ட் வாங்கவில்லை. எக்ஸ்ரே எல்லோருக்கும் பொதுவானது.

1896-லேயே டாக்டர்கள் அதைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆனால் அன்றைய குழாயின் கதிருக்கு வலு குறைவு. உள்ளே இருக்கும் கட்டியை எட்டுவதற்குள் தோலைப் புண்ணாக்கிவிடும். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தவரே 1923 பிப்ரவரி 10-ல் மியூனிக்கில் குடல் புற்றுநோயால் இறந்தார். இதைப் படிச்சப்போ எனக்கு மனசு கனத்துப்போச்சு. கதிர் இருந்தது, அதை ஆழத்துக்கு அனுப்ப மெஷின் இல்லை.

அந்த மெஷின் 1953-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வந்தது. அதுதான் லீனியர் ஆக்சிலரேட்டர். எலக்ட்ரான்களை 80 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு முடுக்கி ஓர் உலோகத்தில் மோதவிட்டால் கிடைப்பது ராண்ட்ஜனின் அதே எக்ஸ்ரேதான், ஆனால் ஆழமாகப் போகும். இன்றைய மெஷினில் கதிர் வரும் வழியில் டங்ஸ்டன் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார். கட்டியின் வடிவத்துக்கு ஏற்ப அவை நகர்ந்து, பக்கத்து உறுப்புகளைக் காக்கின்றன.

சவால் தீர்ந்ததா? இல்லை. மூச்சு விடும்போது நுரையீரல் கட்டி நகர்கிறது, கதிரும் கூடவே போகணும். மெஷின் பழுதானால் சிகிச்சை பாதியில் நிற்கும், கட்டி மறுபடி வளரப் பார்க்கும். பல ஏழை நாடுகளில் மெஷினே போதவில்லை.

மோட்டார், பேரிங், மில்லிமீட்டர் டாலரன்ஸ்... இதெல்லாம் யார் சப்ஜெக்ட் நண்பர்களே? ராண்ட்ஜன் இலவசமாகத் தந்துவிட்டுப் போனார். மிச்ச வேலை நம்ம ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது!